மீண்டும் கிதார்: பயிற்சி நேரத்தைப் பங்கிடுவது எப்படி?

பல வீடுகளில் அலமாரியின் மேல், தூசி படிந்த உறைக்குள் ஒரு கிதார் கிடப்பதைக் காணலாம். கல்லூரி நாட்களில் ஆசையோடு வாங்கியதாக இருக்கும். ஆறு மாதமோ ஓராண்டோ பழகிய பின், தேர்வு, வேலை, குடும்பம் என ஒன்றன்பின் ஒன்றாக வர, அது மேலே ஏறியிருக்கும். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு நாள் அதைக் கீழே இறக்கி, "இம்முறை விடக் கூடாது" என்று தொடங்குகிறோம். ஆனால் இரண்டு மூன்று மாதங்களில் அதை மறுபடியும் மேலே ஏற்றிவிடுபவர் பலர். முதல் முறை விட்டதற்காவது வேலை, படிப்பு என்று காரணம் சொல்லலாம். இரண்டாம் முறை விடும்போது, "எனக்கு இசை வராது" என்ற முடிவுக்கே மனிதர் வந்துவிடுகிறார். உண்மையில் அந்த முடிவு பெரும்பாலும் தவறானது.

இதை நான் என் அனுபவத்திலும் கண்டேன். முதுகலை படித்தபோது விடுதியில் எட்டு மாதம் பழகிய கிதாரை, பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் எடுத்தேன். வாரநாட்களில் கல்லூரி வேலை. ஆகவே ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு ஞாயிறும் இரண்டாம் மணியின் முடிவில் கை நன்றாகப் பேசும். அடுத்த ஞாயிறு உட்கார்ந்தால் பழைய இடத்திலேயே நிற்கும். விரல் நுனியில் கொப்புளம் வேறு. குறை கையில் இல்லை, நேரத்தைப் பங்கிட்ட முறையில்தான் இருக்கிறது என்பது பின்னரே விளங்கியது. எவ்வளவு நேரம் பழகுவது என்பதைவிட, அந்த நேரத்தை எப்படிப் பிரிப்பது என்பதே முக்கியமான கேள்வி. இதற்கு அறிவியல் தரும் விடையைப் பார்ப்போம்.

எது போயிற்று, எது இருக்கிறது?

இடைவெளிக்குப் பின் திரும்பி வருபவர் முற்றிலும் புதியவர் அல்லர். அவரிடம் சில போயிருக்கும், சில மிஞ்சியிருக்கும்.

முதலில் போவது விரல் நுனியின் தடித்த தோல். தந்தியை அடிக்கடி அழுத்தும்போது அந்த இடத்தில் மேல்தோல் தடித்துக் காய்ப்பாகிறது. தோலின் மேலடுக்கு இடைவிடாமல் உதிர்ந்து புதிதாக வளர்வது. ஆகவே அழுத்தம் நின்றுபோனால், சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் காய்ப்பும் மறைந்துவிடும். பல ஆண்டுகள் விட்டவரின் விரல், புதியவரின் விரலைப் போலவே மென்மையாக இருக்கும். அடுத்தது, சிறு தசைகளின் தாங்கும் திறன். கட்டை விரலும் மற்ற விரல்களும் சேர்ந்து இடுக்கிப் பிடிக்கும் வேலையை நாம் அன்றாட வாழ்வில் நெடுநேரம் செய்வதில்லை.

ஆனால் நினைவு அப்படி முழுதும் அழிந்துவிடுவதில்லை. ஜெர்மானிய உளவியலறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட நூலில் இதை அளந்து காட்டினார். பொருளற்ற அசைகளின் பட்டியல்களைத் தாமே மனப்பாடம் செய்து, பல்வேறு இடைவெளிகளுக்குப் பின் அவற்றை மீண்டும் கற்றார். இரண்டாம் முறை கற்க எவ்வளவு நேரம் குறைந்தது என்பதையே அவர் அளவாகக் கொண்டார். ஒரு நாள் கழிந்ததும் மூன்றில் ஒரு பங்கு அளவே மிச்சமாயிற்று. ஆனால் 31 நாட்களுக்குப் பின்னும் ஐந்தில் ஒரு பங்கு அளவு மிச்சம் இருந்தது. மறதி தொடக்கத்தில் வேகமாகவும் பின்னர் மிக மெதுவாகவும் செல்கிறது. பொருளற்ற அசைகளுக்கே இவ்வாறெனில், கையும் காதும் சேர்ந்து பழகிய இசைக்கு மிச்சம் இருக்கும் என எதிர்பார்ப்பதில் தவறில்லை. பழைய பாட்டு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை என்றாலும், அதை மீண்டும் கற்கும் உழைப்பு முன்பைவிடக் குறைவாகவே இருக்கும்.

இந்த மிச்சத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. நல்ல பழக்கத்தோடு கெட்ட பழக்கமும் மிஞ்சியிருக்கும். கட்டை விரலை இறுக்குவது, மணிக்கட்டை மிகையாக வளைப்பது போன்றவை தாமாகவே திரும்பி வரும். மேலும், பாட்டு எப்படி ஒலிக்க வேண்டும் என்பது திரும்பி வருபவரின் காதுக்குத் தெரியும். காதின் வேகத்துக்குக் கையை இழுப்பதால்தான் அவர் புதியவரைவிட விரைவில் சலிப்படைகிறார்.

தந்தி சொல்லும் கணக்கு

பயிற்சியைத் தொடங்குமுன் கருவியைச் சற்று இணக்கமாக்கிக்கொள்வது நல்லது. இதற்கு இயற்பியல் உதவுகிறது.

65 சென்டிமீட்டர் நீளமும் 0.3 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள எஃகுத் தந்தி, கிதாரின் மிக மெல்லிய தந்தியாக வினாடிக்கு ஏறத்தாழ 330 முறை அதிர வேண்டும். இதற்குரிய இழுவிசையைக் கணக்கிட்டால், 10 கிலோ எடையை அதில் தொங்கவிட்டதற்குச் சற்று மேலாக வருகிறது. அத்தந்தியை அரைக் கிலோ எடைக்குச் சமமான விசையால் அழுத்துவதாகக் கொள்வோம். விரலின் அகலம் 10 மில்லிமீட்டர் எனில், தந்திக்கும் விரலுக்கும் இடையே உள்ள பரப்பு 3 சதுர மில்லிமீட்டர்தான். அங்கே அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 16 மடங்கு ஆகிறது. தோல் அமுங்கி விசையைச் சற்றுப் பரப்பிவிடும் என்றாலும், மென்மையான விரல் நுனி ஏன் வலிக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

தந்தியின் நீளமும் தடிப்பும் மாறாதபோது இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே ஆறு தந்திகளையும் இரண்டு அரைச்சுரம் இறக்கிச் சுருதி சேர்த்தால், அதிர்வெண் 11 விழுக்காடு குறைகிறது. இழுவிசையோ 20 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துவிடுகிறது. முதல் ஓரிரு மாதங்களுக்கு இப்படி வைத்துக்கொள்வது விரலுக்குப் பெரிய உதவி. பழைய சுருதி வேண்டுமானால் இரண்டாம் மெட்டில் 'கேப்போ' என்னும் பிடிப்பானை மாட்டலாம். அப்போது இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. 65 சென்டிமீட்டர் தந்தியுள்ள கிதாரில் முதல் மெட்டுக்கான இடைவெளி 36 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். மூன்றாம் மெட்டுக்கு 32 மில்லிமீட்டர் அளவே. விரல்கள் அவ்வளவு விரிய வேண்டியதில்லை.

விரலை மெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் வைக்க வேண்டும். இருவர் மூங்கிலில் சுமை தூக்கிச் செல்லும்போது, சுமை யார் பக்கம் நெருங்கியிருக்கிறதோ அவருக்கே பாரம் அதிகம். அதுபோல் விரல் மெட்டுக்கு அருகே இருந்தால் அழுத்தும் விசையின் பெரும்பகுதி அந்த மெட்டையே சேர்கிறது. குறைந்த விசையிலேயே சுரம் தெளிவாக ஒலிக்கும்.

ஒரு மணியா, நான்கு மணியா?

இனி நேரப் பங்கீட்டுக்கு வருவோம். பிரிட்டனில் ஆலன் பேட்லி, லாங்மன் என்னும் இரு ஆய்வாளர்கள் அஞ்சல் ஊழியர்கள் தட்டச்சு பழகுவதை ஆராய்ந்து 1978இல் முடிவுகளை வெளியிட்டனர். ஊழியர்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பழகியது. மற்றொரு குழு இரண்டு மணி நேரப் பயிற்சியை நாளுக்கு இரண்டு முறை, ஆக நான்கு மணி நேரம் பழகியது. ஏனைய இரண்டு குழுக்கள் நாளுக்கு இரண்டு மணி நேரம் பழகின. எழுத்துக்களின் இடங்களைக் கற்க ஒரு மணிக் குழுவுக்கு மொத்தம் 35 மணி அளவு போதுமானதாயிற்று. நான்கு மணிக் குழுவுக்கோ 50 மணி அளவு வேண்டியிருந்தது.

இதில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். முதலாவது, நாட்கணக்கில் பார்த்தால் நான்கு மணிக் குழுவே முன்னதாகக் கற்று முடித்தது. எனவே, நாளை மறுநாள் கச்சேரி என்பவருக்கு இந்த ஆய்வு உதவாது. உழைக்கும் ஒவ்வொரு மணிக்கும் பலன் மிகுதியாக வேண்டும் என்பவருக்கே இது பொருந்தும். வேலைக்குப் போகும் நமக்கு அதுதானே தேவை? இரண்டாவது, தம் பயிற்சி முறையில் மிகக் குறைவாக மனநிறைவு கொண்டவர்கள் அந்த ஒரு மணிக் குழுவினரே! மற்றவர்கள் தங்களுக்கு முன்னே செல்வதாக அவர்களுக்குத் தோன்றிற்று. மிகச் சிக்கனமாகக் கற்றவர்களுக்கே தாம் நன்றாகக் கற்கிறோம் என்ற உணர்வு இல்லை. பயிற்சியின்போது ஏற்படும் உணர்வை அளவுகோலாகக் கொள்ளலாகாது என்பதற்கு இது நல்ல சான்று.

கலந்து பழகுதல்

இதே உண்மையை வேறு கோணத்தில் காட்டுகிறது, அமெரிக்க ஆய்வாளர்களான ஷே, மார்கன் ஆகியோர் 1979இல் வெளியிட்ட சோதனை. சிறு மரத் தடுப்புகளைக் குறித்த வரிசையில் கையால் விரைவாகத் தள்ளிவிட வேண்டும். மூன்று வகை வரிசைகள். ஒரு குழு முதல் வகையை முழுதும் பழகி முடித்த பின் இரண்டாவதற்கும், பின்னர் மூன்றாவதற்கும் சென்றது. மற்றொரு குழு மூன்றையும் மாற்றி மாற்றிக் கலந்து பழகியது. பயிற்சியின்போது முதல் குழுவே வேகமாகச் செய்தது. பத்து நாட்களுக்குப் பின் சோதித்தபோதோ, கலந்து பழகியவர்களே முந்தினர்.

இது எனக்கு வியப்பளிக்கவில்லை. ஒரே சூத்திரத்தில் பத்துக் கணக்குகளை அடுத்தடுத்துப் போடும் மாணவன் ஐந்தாவது கணக்கிலிருந்து யோசிப்பதையே நிறுத்திவிடுகிறான். எண்களை மட்டும் மாற்றி எழுதுகிறான். தேர்வில் கணக்குகள் கலந்து வரும்போது எந்தச் சூத்திரம் என்று தெரியாமல் திகைக்கிறான். கிதாரிலும் இதுவே நிகழ்கிறது. 'ஜி'யிலிருந்து 'சி'க்கு ஐம்பது முறை தொடர்ந்து மாறினால், முப்பதாவது முறை அழகாக வரும். ஆனால் பாட்டில் அந்த மாற்றம் ஒரே ஒரு முறை, வேறு இரண்டு சுரக்கூட்டுகளுக்கு நடுவே வரும். அந்த ஒரு முறைக்குக் கையைப் பழக்க வேண்டுமானால், பயிற்சியிலும் மற்றவற்றின் நடுவே அதைத் தேடி எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நினைவிலிருந்து மீட்டெடுக்கும் அந்த முயற்சியே கற்றலை உறுதியாக்குகிறது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களுள் ஒன்று.

ஒரு விதிவிலக்கு உண்டு. விரல்கள் எங்கே செல்ல வேண்டும் என்றே தெரியாத புத்தம் புதிய நிலையைச் சில முறை தொடர்ந்து செய்து, வடிவம் பிடிபட்ட பின்னரே கலக்க வேண்டும்.

உறக்கமும் ஒரு பாடவேளை

2002இல் மேத்யூ வாக்கரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், இடக்கை விரல்களால் ஐந்து தட்டல்கள் கொண்ட வரிசை ஒன்றைத் திரும்பத் திரும்பத் தட்டும்படி கூறப்பட்டது. கற்ற பின் ஓரிரவு உறங்கி எழுந்தவர்களின் வேகம், இடையில் பயிற்சி ஏதுமின்றியே, ஏறத்தாழ 20 விழுக்காடு கூடியிருந்தது. அந்த உயர்வில் ஒரு பகுதி, களைப்பு நீங்கியதால் வந்தது என்று பின்னர் வேறு ஆய்வாளர்கள் வாதிட்டனர். எப்படியாயினும் நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றே. பயிற்சிக்கும் பயிற்சிக்கும் இடையே ஓய்வு வேண்டும். ஞாயிறு ஒரு நாளில் இரண்டு மணி நேரம் வாசிப்பவருக்கு அத்தகைய ஓரிரவுதான். அதே நேரத்தைத் தினம் இருபது நிமிடமாக ஆறு நாட்களில் பிரித்தவருக்கு ஆறு இரவுகள். தோலுக்கும் இதுவே ஏற்றது. அளவான அழுத்தம் அடிக்கடி கிடைத்தால் காய்ப்பு உண்டாகும். மிகையான அழுத்தம் ஒரே நாளில் கிடைத்தால் கொப்புளம்தான் உண்டாகும்.

அரை மணி நேரத் திட்டம்

இவற்றையெல்லாம் கருத்தில் கொண்டு, வாரத்தில் ஐந்து அல்லது ஆறு நாட்கள், நாளுக்கு அரை மணி என ஒரு திட்டம் வகுக்கலாம்.

முதல் 2 நிமிடம்: சுருதி சேர்த்தல். காதால் முயன்ற பின், கைபேசியிலுள்ள சுருதிமானியால் சரிபார்க்கலாம்.

அடுத்த 3 நிமிடம்: நேற்றுப் பழகியவற்றை, முன்பயிற்சி ஏதுமின்றி, ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை. வந்ததையும் வராததையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த 5 நிமிடம்: விரல் பயிற்சி. மெட்டுக்கு ஒரு விரலாக நான்கு விரல்களையும் வரிசையாக வைத்து மீட்டுதல். இதை ஐந்தாம் மெட்டிலிருந்து தொடங்கினால் நல்லது. அங்கே இடைவெளி 29 மில்லிமீட்டர்தான். சில வாரங்களில் மெல்ல மெல்ல முதல் மெட்டை நோக்கி வரலாம்.

அடுத்த 10 நிமிடம்: சுரக்கூட்டு மாற்றங்கள். ஈ-மைனர், சி, ஜி, டி ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டால் ஈ-மைனர்–சி, சி–ஜி, ஜி–டி, டி–ஈ-மைனர் என நான்கு இணைகள் கிடைக்கும். ஓர் இணைக்கு ஒரு நிமிடம் என்று நான்கையும் சுற்றிவந்து, சிறிது இளைப்பாறி, மீண்டும் ஒரு சுற்று. இரண்டாம் சுற்றில் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடுத்த 7 நிமிடம்: ஒரு பாட்டில் தடுக்கி விழும் இடம் மட்டும். அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் சிறிதளவு சேர்த்துப் பழக வேண்டும். தொடக்கத்திலிருந்தே ஒவ்வொரு முறையும் வாசித்தால் தொடக்கம்தான் நன்றாக வரும்.

கடைசி 3 நிமிடம்: விருப்பம் போல் வாசித்தல். இதை வீண் என்று வெட்டிவிடக் கூடாது. நாளையும் கருவியை எடுக்கத் தூண்டுவது இந்த மூன்று நிமிடமே.

அரை மணி கிடைக்காத நாளில் பதினைந்து நிமிடம் போதும். அப்போதும் நேற்றைய பாடத்தைச் சோதிக்கும் மூன்று நிமிடத்தை விட்டுவிடலாகாது.

வேகத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. மெட்ரோனோம் நிமிடத்துக்கு 60 தட்டுகள் தட்டினால் ஒரு தட்டுக்கு ஒரு வினாடி. சுரக்கூட்டு மாற அரை வினாடி ஆகுமானால் அது பாதித் தட்டை விழுங்கும். 100 தட்டுகள் வைத்தால் ஒரு தட்டு 0.6 வினாடிதான், அதே அரை வினாடி ஏறக்குறைய முழுத் தட்டையும் விழுங்கிவிடும். தாளம் தடுமாறுவது இதனால்தான். ஆகவே மாற்றம் அடங்குகிற வேகத்தில் தொடங்கி, சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். முதற்காலத்தில் ஒழுங்காக வராத சரளி வரிசையை மூன்றாம் காலத்தில் பாட எந்த ஆசிரியரும் விடுவதில்லை அல்லவா?

விரல் நுனி எரிவது இயல்பு. சில வாரங்களில் குறையும். ஆனால் மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி, விரலில் மரமரப்பு ஆகியவை தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். ஓய்வுக்குப் பின்னும் நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

எதை அளப்பது?

சோதனைச் சாலையில் ஒரு கருவியைச் சூடேற்றிக் கொண்டிருக்கும்போதே இறுதி அளவை எடுப்பதில்லை. நிலைபெற்ற பின்னரே எடுக்கிறோம். பயிற்சிக்கும் அவ்விதியே பொருந்தும். அரை மணியின் முடிவில் கை எவ்வளவு நன்றாகப் பேசுகிறது என்பது அன்றைய சூட்டை மட்டுமே காட்டும். கற்றது எவ்வளவு என்பதை மறுநாளின் முதல் முயற்சியே காட்டும்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். வாரம் ஒரு நாள், கருவியை எடுத்துச் சுருதி சேர்த்தவுடன், ஓர் இணையை எடுத்து ஒரு நிமிடத்தில் எத்தனை தெளிவான மாற்றங்கள் வருகின்றன என்று எண்ணி எழுதுங்கள். எனக்கு முதல் வாரம் ஜி–சி இணையில் 11 வந்தது. இரண்டாம் வாரம் 10. மனம் தளர்ந்தது. ஆறாம் வாரம் 24 வந்தபோது, அந்த 10ஐப் பார்த்துக் கருவியை மேலே ஏற்றாமல் விட்டது எவ்வளவு நல்லதாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். தனித்தனி அளவுகள் ஏறியும் இறங்கியும் வரும். ஒரே ஓர் அளவைக் கொண்டு முடிவு கட்டக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்பவர்கள், தம் விஷயத்தில் அதை மறந்துவிடுகிறோம்.

அலமாரியின் மேல் உள்ள கிதாரை இறக்க விரும்புவோர், முதல் நாளில் பாட்டு எதையும் முயல வேண்டாம். தந்திகள் துருப்பிடித்திருந்தால் மாற்றி, இரண்டு அரைச்சுரம் இறக்கிச் சுருதி சேர்த்து, நினைவில் மிஞ்சியுள்ள சுரக்கூட்டுகளைத் தாளில் எழுதுங்கள். அந்தச் சிறு பட்டியலே உங்கள் தொடக்க மூலதனம். கருவியை மீண்டும் உறைக்குள் வைக்காமல், வெயில் படாத ஒரு மூலையில், கைக்கு எட்டும்படி சாய்த்து வையுங்கள். மறுநாள் முதல் முயற்சிக்கு அது காத்திருக்கட்டும்.